‘ஒன்னுமில்லை’ என்று சொல்லும்போது உள்ளே என்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு 37 வயது. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஓசூரிலேயே வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்பா ஊரில் தக்காளி போடுகிறார். இதுவரை நிலத்தில் மூன்று போர் போட்டுவிட்டார். ஒன்றில் மட்டும் கொஞ்ச காலம் தண்ணீர் வந்தது. கடைசி போருக்கு வாங்கிய கடனை இன்னும் நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போனபோது, “இன்னும் ஒன்னு போட்டுப் பாக்கலாம்டா, இந்தத் தடவை கண்டிப்பா வந்துரும்” என்றார். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. “உன்னாலதான் நான் உருப்படாம போனேன்” என்று கத்திவிட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போனேன். பஸ் ராயக்கோட்டை தாண்டும்போதே வயிறு இறுக ஆரம்பித்துவிட்டது. அவர் தோட்டத்திலிருந்து வருவதற்குள் கிளம்பி வந்துவிட்டேன். மனைவி, “உங்களுக்கு உள்ள என்னதான் இருக்கு, சொல்லுங்க” என்கிறாள். “ஒன்னுமில்லை” என்கிறேன். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஏதாவது குறையா? அப்பாவிடம் அடுத்த முறை எப்படிப் பேசுவது? மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு உணர்ச்சி இல்லை என்று நினைக்காதீர்கள். ராயக்கோட்டை தாண்டும்போது வயிறு இறுகியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உணர்ச்சி. வீடு வர இன்னும் நேரம் இருக்கிறது, அப்பா எதிரில் இல்லை, யாரும் எதுவும் பேசவில்லை. அப்படியும் உடம்பு தயாராகிவிட்டது. இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் தள்ளி வைக்கப்படுகிறது. வயிறு இறுகுவது அதனால்தான். ஆபத்து வருகிறது என்று மூளையின் உள்பகுதி முடிவு செய்தால் நடப்பது இது. எதைக் கண்டு ஆபத்து என்று அது நினைத்தது என்ற கேள்விக்குத்தான் உங்களிடம் இன்னும் பதில் இல்லை.

குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். தன் உணர்ச்சியை அடையாளம் காணவும் சொல்லவும் மிகவும் சிரமப்படுகிற இயல்பு சிலருக்கு உண்டு. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அதற்கு அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். அதுவும் தனியாக ஒரு நோய் கிடையாது. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அந்த வகை என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா சாப்பிடாமல் படுத்ததை ஒரு மாதம் கழித்தும் மறக்காமல் எழுதுகிறவருக்கு உள்ளே நிறைய இருக்கிறது. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு உணர்ச்சிகளுக்குத்தான் அனுமதி. ஒன்று கோபம், இன்னொன்று சிரிப்பு. விழுந்து அடிபட்டு அழுதால்கூட “பொட்டப்புள்ள மாதிரி என்னடா அழுகை” என்கிறார்கள். பத்து வயதிலிருந்து அப்படிக் கேட்டு வளர்ந்தவர், 37 வயதில் மனைவி கேட்டவுடன் எடுத்துச் சொல்ல முடியாமல் திணறுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சரி, அன்று நடந்ததைப் பார்ப்போம். நீங்கள் கத்தியதைக் கோபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் கோபம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அதற்கு ஒரு நொடி முன்னால் இன்னொன்று வந்திருக்கும். அந்த ஒரு நொடியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

“இன்னும் ஒன்னு போட்டுப் பாக்கலாம்டா” என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உங்களுக்குள் என்ன ஓடியிருக்கலாம்? நான் சிலவற்றைச் சொல்கிறேன். எது பொருந்துகிறது என்று நீங்கள் பாருங்கள். இன்னொரு கடன் வந்தால் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் எப்படிக் கட்டுவது என்ற பயமாக இருக்கலாம். இத்தனை வருடம் ஷிஃப்ட் பார்த்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்ற இழப்பாக இருக்கலாம். ‘நான் கட்டுகிற கடனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே’ என்ற ஆதங்கமாக இருக்கலாம். நிலத்தை அவர் தலையில் விட்டுவிட்டு ஓசூருக்கு வந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வாக இருக்கலாம். பெற்ற அப்பாவுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமாகவும் இருக்கலாம். இந்த வயதிலும் அந்த வெயிலில் நிற்கிறாரே என்று அவர்மேல் உள்ள பரிதாபம்கூடக் கோபமாகத்தான் வெளியே வரும்.

இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதால் என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். லாபம் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்தைக் கேட்கிறது. பயம் என்றால் உங்களுக்குத் தேவை ஒரு கணக்கு: எவ்வளவு செலவு, யார் கட்டுவது, வராவிட்டால் என்ன செய்வது. ஆதங்கம் என்றால் கணக்கு எத்தனை போட்டாலும் ஆறாது, அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். குற்ற உணர்வு என்றால் அப்பா எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது நீங்கள் உங்களோடு பேசித் தீர்க்க வேண்டியது. இழப்பு என்றால் அதற்குத் தீர்வே இல்லாமல் இருக்கலாம், யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் கோபம் என்று ஒரே பெயர் வைத்தால் செய்வதற்கும் ஒரே வேலைதான் மிஞ்சும், கத்துவது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருகிற அழுகை, இழந்ததால் வருகிற அழுகை, பழைய நிலை கெட்டுத் தளர்ந்ததால் வருகிற அழுகை, இல்லாமையால் வருகிற அழுகை. கண்ணீர் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கிறது, வேர் நான்காக இருக்கிறது. அன்று இரவு சாப்பிடாமல் படுத்த உங்கள் அப்பாவுக்கு இந்த நான்கில் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்துக்கே சோறு போட்டவர் இன்று மகனிடம் பணம் கேட்டு நிற்கிறார். “உன்னாலதான் உருப்படாம போனேன்” என்ற சொல் அந்த இடத்தில் விழுந்திருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கும் அன்று ஒரே ஒரு உணர்ச்சி மட்டும் இருந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அதன் வேகம் குறைகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மேன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்தில் தெரிகிற உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை உணர்கிற அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிந்தது. சிந்தனைக்குரிய முன்மூளையின் ஒரு பகுதி வேலை செய்ய ஆரம்பித்தது. 2012இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சிலந்தி என்றால் நடுங்குகிற 88 பேரைப் பெரிய உயிருள்ள சிலந்தியின் பக்கத்தில் போகச் சொன்னார்கள். ஒரு குழுவினர் தங்கள் பயத்தை வாய்விட்டு அப்படியே சொன்னார்கள். இன்னொரு குழுவினர் ‘அது சின்னதுதான், ஒன்றும் செய்யாது’ என்பதுபோலத் தங்களைச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி சோதித்தபோது, பயத்தைப் பயம் என்று சொன்னவர்களின் உடம்பில்தான் பதற்றம் குறைவாக இருந்தது. கையில் வியர்வை குறைந்திருந்தது. நாம் வழக்கமாகச் செய்வது இரண்டாவது குழு செய்ததைத்தான். ‘ஒன்னுமில்லை, ஒன்னுமில்லை’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு தவறு மட்டும் நேர வாய்ப்புண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். “எனக்கு என்ன தோணுதுன்னா, அவர் என்னை மதிக்கவே இல்லை.” இது உணர்ச்சி போலக் கேட்கும், உண்மையில் இது அப்பாமேல் எழுதிய தீர்ப்பு. “என்னை ஏமாத்திட்டார்”, “என்னை ஏடிஎம் மாதிரி வெச்சிருக்கார்” எல்லாமே அப்படித்தான். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வாக்கியத்தில் இன்னொரு ஆள் ஏதோ செய்கிறவராக இருந்தால் நீங்கள் இன்னும் உணர்ச்சிக்கு வரவில்லை. ‘அவர் என்னை மதிக்கவில்லை, அதனால் எனக்கு...’ என்று தொடர்ந்து பாருங்கள். அந்த ‘எனக்கு’க்குப் பின்னால் வருவதுதான் நீங்கள் தேடுவது. எனக்கு வலிச்சுது. எனக்குக் குறுகிப்போன மாதிரி ஆச்சு. எனக்கு வெறுத்துப்போச்சு. தீர்ப்பைச் சொன்னால் எதிரில் இருப்பவர் வாதாடுவார். உங்கள் வலியைச் சொன்னால் ‘உனக்கு வலிக்கவில்லை’ என்று யாரும் வாதாட முடியாது.

இந்தப் பழக்கத்தை அப்பாவிடம் ஆரம்பிக்காதீர்கள். இருப்பதிலேயே கஷ்டமான இடம் அது. முதலில் கம்பெனியில் ஆரம்பியுங்கள். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் ஏதாவது சொல்கிறார், ஓடி வந்தும் கம்பெனி பஸ் போய்விடுகிறது, வாங்கிய சம்பளம் மூன்றாம் தேதியே கரைந்து போகிறது. அப்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று, உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். நெஞ்சா, தொண்டையா, தாடையா, வயிறா? அப்புறம் ஒரு சொல் தேடுங்கள். கொஞ்ச நாளைக்கு இரண்டு சொற்களை ஒதுக்கி வையுங்கள்: கோபம், டென்ஷன். நம் காலத்தில் எல்லாவற்றையும் மூடுகிற சொல் டென்ஷன். அதை எடுத்துவிட்டால் வேறு சொல் தேடியே ஆக வேண்டும். புத்தகச் சொல் வேண்டாம், வீட்டில் பேசுகிற சொல் போதும். திக்குனு இருந்துச்சு, கூசிப்போச்சு, ஏக்கமா இருக்கு, தவிப்பா இருக்கு, எரிச்சலா இருக்கு, மனசு பாரமா இருக்கு, சங்கடமா இருக்கு. சரியான சொல் அகப்பட்டால் பெரும்பாலும் உங்களுக்கே தெரியும், ஒரு பெருமூச்சு வரும். அகப்படாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். ‘ஒரு மாதிரி இருக்கு, இன்னும் பெயர் தெரியலை’ என்பதும் நேர்மையான பதில்தான்.

உங்கள் மனைவியிடம் அடுத்த படி. கேட்கிற மனைவி இருப்பது பெரிய பலம், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். “ஒன்னுமில்லை” என்பதற்குப் பதிலாக, “என்னன்னு தெரியலை, வயிறு மட்டும் இறுக்கமா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் உள்ளே வர இடம் கிடைத்துவிடும். அவரிடம் ஒன்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: உடனே யோசனை சொல்ல வேண்டாம், அப்பாவைக் குறையும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். அவர் உங்களோடு சேர்ந்து அப்பாவைத் திட்ட ஆரம்பித்தால் நீங்கள் உடனே அப்பா பக்கம் போய் நின்றுகொள்வீர்கள். தேட வந்தது மறுபடியும் காணாமல் போகும்.

இப்போது அப்பா. தம்பதிகளின் வாக்குவாதங்களை நீண்ட காலம் ஆய்வு செய்த ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொல்கிற ஒரு விஷயம் அப்பா மகனுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் அளவுக்குப் பதற்றம் ஏறினால், எதிரில் இருப்பவர் சொல்வது நம் காதுக்குள் சரியாகப் போகாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆகவே, துடிப்பு ஏறுவது தெரிந்தால் பேச்சை நிறுத்துங்கள். ஆனால் நம் வீடுகளில் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் அதுவே பெரிய அவமரியாதை ஆகிவிடும். அதனால் சொல்லிவிட்டுப் போங்கள். “அப்பா, எனக்குப் படபடன்னு வருது. மாட்டைப் பாத்துட்டு வந்துடறேன், வந்து பேசலாம்.” அப்புறம் கண்டிப்பாகத் திரும்பி வந்து உட்காருங்கள். இதில் திரும்பி வருவதுதான் முக்கியம். இப்போது ஒரு மாதமாக நீங்கள் இருவரும் செய்துகொண்டிருப்பதை இடைவேளை என்று சொல்ல முடியாது.

உங்களுக்குள் தெரிந்த எல்லாவற்றையும் அவரிடம் கொட்ட வேண்டியதில்லை. ‘மனசில் இருப்பதையெல்லாம் சொல்லிவிடு’ என்று இப்போது நிறையப் பேர் ஆலோசனை சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பெயர் வைப்பது முதலில் உங்களுக்காக. குற்ற உணர்வையும் பரிதாபத்தையும் நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும், அதுவே உங்கள் குரலை மாற்றிவிடும். அப்பாவிடம் சொல்ல ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் யூகம், அது பயமாக இருக்கும். “போர்னு சொன்னாலே எனக்குப் பயம் வந்துருதுப்பா. காசு போயிடுமேன்னு ஒரு பயம். மறுபடியும் தண்ணி வரலைன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு ஒரு பயம்.” இப்படிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பதில் சொல்ல நேரம் எடுப்பார். சொல்லாமலும் இருப்பார். அந்த மௌனத்தை நிரப்பப் பழைய கணக்கை எடுக்காதீர்கள். அவர் மனதில் இருப்பதற்கு நீங்கள் பெயர் வைக்கவும் வேண்டாம். “நீ வீம்பு பிடிக்கிற” என்று சொன்னால் கதவு சாத்திக்கொள்ளும். “உனக்கு என்னப்பா தோணுது, நிலத்தைப் பாத்தா?” என்று கேட்டால் ஒருவேளை பேசுவார்.

பயத்தைச் சொல்லிவிட்டதால் போர் பிரச்சினை தீர்ந்துவிடாது, அது தனி வேலை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடினப் பாறைப் பகுதி, பாறை வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் வந்த தண்ணீர் நம் தோட்டத்தில் வராமல் போவது அதனால்தான். ‘இந்தத் தடவை வரும்’ என்ற அவருடைய நம்பிக்கையும் ‘வராது’ என்ற உங்கள் பயமும் அந்தப் பாறையிலிருந்தே வருகின்றன. இரண்டு பேரில் யாரும் முட்டாள் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் கருவி வைத்து நிலத்தடி நீர் பார்த்துச் சொல்கிறார்கள். சொட்டு நீர்ப் பாசனத்துக்கு அரசு மானியமும் இருக்கிறது, சிறு குறு விவசாயிகளுக்கு முழுமையாகவே தருகிறார்கள். இதையெல்லாம் அப்பாவும் நீங்களும் சேர்ந்து போய் விசாரிக்கலாம். முடிவில் நீங்கள் ‘என்னால் இன்னொரு கடன் கட்ட முடியாது’ என்றே சொல்ல நேரலாம். சொல்லுங்கள், அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. பயத்தை அறிந்து சொல்கிற ‘முடியாது’வில் அவரைக் குத்துகிற வார்த்தை கூடவே வராது.

ஒன்றைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா தொடர்ந்து சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், அல்லது ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்பதுபோல ஏதாவது சொன்னால், அதைக் கோபத்தில் சொல்கிற பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். கடன் சுமையும் வயதும் சேர்கிற இடத்தில் அது உண்மையான ஆபத்து. நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்ணான 104லும் பேசலாம். உங்களுக்கே தூக்கம் கெட்டுப்போனாலும், ஷிஃப்ட் முடிந்ததும் குடித்தால்தான் அடங்குகிறது என்ற நிலை வந்தாலும் இதே எண்கள்தான். அம்மாவிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அப்பா எப்படி இருக்கிறார் என்று.

மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கேட்க வேண்டும், அந்தச் சொல்லுக்காக. பணம் தர மறுத்ததற்காக இல்லை. இரண்டையும் கலந்து கேட்டால், மன்னிப்போடு சேர்த்து அடுத்த கடனையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். போனிலேயே கேட்கலாம். நேரில் போகும்வரை தள்ளிப்போட்டால் ராயக்கோட்டையில் வயிறு மறுபடி இறுகும். அம்மாவிடம் பேசும்போது, “அப்பாகிட்ட குடும்மா” என்று சொல்லுங்கள். “அன்னைக்கு நான் சொன்ன வார்த்தை தப்புப்பா. எனக்கு அன்னைக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, அதான் அப்படி வந்துருச்சு. அடுத்த லீவுல வரேன், உக்காந்து பேசலாம்.” இவ்வளவு போதும். அவர் “ம்” என்று மட்டும் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தக்காளி என்ன விலை போகிறது என்று கேளுங்கள். போர் பேச்சை அந்த போனில் எடுக்க வேண்டாம். அதை நேரில், அவர் சாப்பிட்ட பிறகு, நீங்களும் சாப்பிட்ட பிறகு பேசுங்கள்.